மணல் மூட்டை கரையை உடைக்கவில்லை

சென்ற வார வியாழக்கிழமை காலை, கடை திறந்த சற்று நேரத்தில் ஓர் அம்மா வந்து இரண்டு மாத்திரை அட்டைகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். லோசார்டன், இரத்த அழுத்த மாத்திரை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. "இதைத் திருப்பி எடுத்துக்கங்க தம்பி, இனிமே வேண்டாம்" என்றார். காரணம் கேட்டேன். பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். சென்ற மாதம் இந்த இதழில் வந்த சிறுநீரகக் கட்டுரை. அதில் ஒரு வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் சாப்பிடும் மாத்திரைகள்தான் சிறுநீரகத்தை அரிக்கின்றன, அவற்றை விட்டொழியுங்கள் என்று சொல்லும் வரி அது.

நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துத்தான். கட்டுரையில் நல்ல யோசனைகளும் இருக்கின்றன. தினமும் நடக்கச் சொல்கிறது, புகையிலையை விடச் சொல்கிறது, பாக்கெட் தின்பண்டங்களைக் குறைக்கச் சொல்கிறது. இவற்றில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நல்ல சோற்றில் ஒரு பிடி நஞ்சைப் பிசைந்து வைத்தால், சோறு நல்லது என்று பாராட்டிவிட்டு நகர முடியாது.

நான் மருத்துவன் இல்லை, மருந்தாளுநன். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரில் 22 ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாத்திரை விற்பவன் மாத்திரைக்காகத்தான் பேசுவான் என்று கட்டுரையாளர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த அழுத்த மாத்திரைகளும் சர்க்கரை மாத்திரைகளும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். என் கடைக்கு வரவே வேண்டாம். வாங்கி விழுங்கினால் போதும்.

என் தாய்மாமா கொத்தனார். 51 வயது. சர்க்கரையும் அழுத்தமும் பல வருடமாக உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவசச் சொற்பொழிவுக்குப் போய்வந்தார். கட்டுரையாளர் எழுதியிருக்கும் இதே வாதத்தை அங்கே யாரோ பேசியிருக்கிறார்கள். மறுநாளே மாத்திரைகளை நிறுத்திவிட்டார். நான் கெஞ்சினேன். "மாப்ள, உன் யாவாரம் உனக்கு, என் கிட்னி எனக்கு" என்றார். 14 மாதம் காலையில் வாழைத்தண்டுச் சாறு. உடம்பு லேசாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் முட்டி வலி மட்டும் விடவில்லை. சாரத்தில் ஏறி இறங்குகிறவருக்கு அது விடாது. அதற்காக வேறு கடையில் தினமும் ஒரு செட் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். சீட்டு இல்லாமல் நான் தரமாட்டேன் என்பதால் எனக்குத் தெரியாமல். கால் வீங்கி, மூச்சு வாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 9-ஐத் தாண்டியிருந்தது. இப்போது செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். டயாலிசிஸ் ஊசிக்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா போட்டிருப்பதால் அந்தக் கையால் கனமாக எதையும் தூக்கக் கூடாது. கரணை பிடிக்கும் கை நன்றாக இருந்தாலும் கலவைச் சட்டியைத் தூக்கும் கை போய்விட்டது.

தன்னைக் காக்கும் மாத்திரையை நஞ்சென்று எறிந்தார். தன்னை அழிக்கும் மாத்திரையைப் பெட்டிக்கடை மிட்டாய்போலத் தின்றார். மாமா முட்டாள் இல்லை. அளவு பிசகாமல் சுவர் எழுப்பியவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எதிரியை மாற்றிக் காட்டிவிட்டார்கள். கட்டுரையாளர் செய்திருப்பதும் அதே காரியம்தான். 'மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எந்த மாத்திரை என்று பிரித்துக் காட்ட அவர் ஒரு பத்திகூடச் செலவிடவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு நீர்ப்பாசனத்தை வைத்தே இதை விளக்கலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மிகமிக மெல்லிய இரத்தக் குழாய்களாலான ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு சின்ன வயல்: இரத்தம் உள்ளே வர ஒரு மடை, வெளியே போக ஒரு வடிகால். ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடித்து, அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்து, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக விடுகின்றன இந்த வயல்கள். சர்க்கரை கூடினால் மடை அகலமாகத் திறந்துகொள்கிறது. அழுத்தம் கூடினால் வாய்க்காலிலேயே வெள்ளம். வயலுக்குள் தேங்கும் அழுத்தத்தில் வரப்பு அரிக்கிறது, புரதம் கசிகிறது, முடிச்சு தழும்பேறி ஒவ்வொன்றாகச் சாகிறது. செத்தது மீண்டும் முளைக்காது. உலகெங்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதல் இரண்டு காரணங்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான்.

அந்த அம்மா திருப்பிக் கொடுக்க வந்த லோசார்டன் என்ன செய்கிறது? வடிகாலைத் திறந்துவிடுகிறது. வயலுக்குள் அழுத்தம் இறங்குகிறது, கசிவு குறைகிறது. இது யாரோ வாய்ப்பேச்சாகச் சொன்னதில்லை. 1993-இல் 409 சர்க்கரை நோயாளிகளிடம் கேப்டோப்ரில் என்ற இதே வேலையைச் செய்யும் மருந்தைச் சோதித்தார்கள். கிரியேட்டினின் இரட்டிப்பாகும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2001-இல் 1513 பேரிடம் லோசார்டனையே சோதித்தார்கள். சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் ஆபத்து 100-க்கு 28 பங்கு குறைந்தது. 2020-இல் 4304 பேரிடம் டாபாக்ளிஃப்ளோசின் சோதிக்கப்பட்டது. சர்க்கரைக்கென்று வந்த மாத்திரை அது. சிறுநீரகம் சரிவதையும், சிறுநீரகத்தாலோ இதய நோயாலோ சாவதையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆபத்து 39 பங்கு குறைந்தது. சர்க்கரையே இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் கிடைத்தது. இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கிவிட்டது. கட்டுரையாளர் நஞ்சு என்று பட்டியலிட்டவற்றில் இவை எல்லாம் அடக்கம்.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் மாத்திரையைச் சந்தேகிக்கிறார்கள்? இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். பத்து வருடம் மாத்திரை சாப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் வந்தது. பத்து வருடம் சர்க்கரை இருந்ததையும் அதே கண்தான் பார்த்திருக்க வேண்டும், ஆனால் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, மாத்திரை தெரியும். அடுத்தது, லோசார்டன் தொடங்கிய சில வாரத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். வடிகால் திறந்து உள்ளழுத்தம் இறங்கியதன் அடையாளம் அது. 100-க்கு 30 பங்கு வரை ஏறினாலும் மருத்துவர்கள் கண்காணித்துக்கொண்டே தொடர்வார்கள். இன்னொன்று, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின். சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தபின் மருத்துவர் அதைக் குறைப்பார், அப்புறம் நிறுத்துவார். அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்ததால் நிறுத்துவதில்லை. அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் தளர்ந்துவிட்டதால் நிறுத்துகிறார். ஆனால் நோயாளி வீட்டுக்குப் போய்ச் சொல்வது ஒன்றுதான்: டாக்டரே நிறுத்திட்டார், அப்ப அதுதான் கெடுத்திருக்கு.

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது எங்கே கரை அரிக்கிறதோ அங்கேதான் மணல் மூட்டை அடுக்குவார்கள். அத்தனை அடுக்கியும் சில இடத்தில் உடைப்பெடுக்கும். வெள்ளம் வடிந்தபின் உடைந்த இடத்தில் மூட்டைகள் சிதறிக் கிடக்கும். மூட்டைதான் கரையை உடைத்தது, அடுத்த ஆண்டு மூட்டையே வேண்டாம் என்று ஒருவர் ஊரைக் கூட்டிப் பேசினால் அந்த ஊர் என்ன ஆகும்? கட்டுரையாளரின் மொத்த வாதமும் இவ்வளவுதான்.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரை உண்டு. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள். நெருக்கடி நேரத்தில் மடையைத் திறந்து வைத்திருக்கும் ஒரு சுரப்பை இவை தடுக்கின்றன. வயலுக்கு நீர் வரத்தே சுருங்குகிறது. ஆரோக்கியமானவர் இரண்டு நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பு, சர்க்கரை, வயது, ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் இவற்றோடு மாதக்கணக்கில் சேரும்போது அழிவு. சுவீடனில் ஹஸ்க்வர்னா என்றொரு தொழிற்சாலை ஊர். ஃபெனாசிடின் கலந்த வலிப் பொடியைத் தினசரி வழக்கமாகவே அங்கே தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் சாப்பிட்டார்கள். சிறுநீரகம் கெட்டு வரிசையாகச் செத்தார்கள். அந்த மருந்து பிறகு பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. நம் ஊரில் காய்ச்சலுக்கும் முதுகு வலிக்கும் நான்கு நிற மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் 'செட்' பழக்கம் என் தொழிலைச் சேர்ந்தவர்களின் பாவம். அதைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பேன். ஒரு சொல்கூட எழுதவில்லை.

அவர் எழுதியது மூலிகை பற்றி. இயற்கையானது எதுவும் சிறுநீரகத்தைத் தொடாது என்கிறார். நம் வரப்போரம் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையை அவருக்குத் தெரிந்திருக்கும். அதுவும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியா என்ற ஒரே பேரினம். இந்த இனத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகரான பிரசெல்சில் உடல் இளைக்க மூலிகைப் பொடி சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தபோதுதான் இது உலகுக்கே தெரிய வந்தது. கேரளத்தில் இரும்பன்புளி என்பார்கள், கொடிய புளிப்புக் காய். கொழுப்பைக் கரைக்கும் என்று அதைச் சாறாகப் பிழிந்து குடித்த 10 பேருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். ஆக்ஸலேட் படிகங்கள் சிறுநீரகத்தில் படிந்திருந்தன. குழம்பில் ஒன்றிரண்டு போடுகிற காய்தான், டம்ளர் கணக்கில் போனபோது மாறிவிட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: ஒருவகைச் சிறுநீரகப் புரதக் கசிவு நோயோடு வந்தவர்களில் பலர் நாட்டு மருந்து சாப்பிட்டவர்கள். சில மருந்துகளில் பாதரசம் இருந்தது. மருந்தை நிறுத்தியபின் பலருக்குக் கசிவு அடங்கியது.

சித்த மருத்துவத்தையே நான் பழிக்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் என் நண்பர்கள். பஸ்மமும் செந்தூரமும் எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டியவை என்று அவர்களே சொல்வார்கள். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதாமல் விற்கிறவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

வாழைத்தண்டுக்கு வருகிறேன். நல்ல காய். பொரியல் செய்து சாப்பிடுங்கள். ஆனால் சிறுநீரகக் கல்லும் சிறுநீரகச் செயலிழப்பும் வேறு வேறு நோய்கள். கல்லுக்குச் சொல்லப்படும் வைத்தியத்தைக் கட்டுரையாளர் அப்படியே செயலிழப்புக்குச் சொல்லிவிட்டார். வாழைத்தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். செயலிழந்த சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்க வேண்டும். 6, 7 என்று ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் நின்றுவிடலாம். கிரியேட்டினின் ஏறியவர்கள் காலையில் ஒரு டம்ளர் தண்டுச் சாறும் மாலையில் ஓர் இளநீரும் குடிக்க வேண்டும் என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. மாமாவுக்கு இளநீர் என்றால் உயிர். டயாலிசிஸ் மையத்தில் அவரிடம் முதலில் விலக்கச் சொன்னதே அதைத்தான்.

தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். நாளுக்கு 5 லிட்டர் குடித்தால் சிறுநீரகம் கழுவப்பட்டுச் சுத்தமாகும் என்கிறார். சிறுநீரகம் கழுவிவிட வேண்டிய குழாய் இல்லை. தாகத்துக்கும் வெயிலுக்கும் தக்கபடி குடித்தால் ஆரோக்கியமானவருக்குப் போதும். கல் வந்தவர்கள் நாளுக்கு இரண்டு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகுமளவு குடிப்பது உண்மையிலேயே பலன் தரும். ஆனால் கூடுதலாகக் குடித்தால் தளரும் சிறுநீரகம் பிழைக்குமா என்று கனடாவில் 631 நோயாளிகளிடம் ஓராண்டு சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். தளர்ச்சி குறையவில்லை. கால் வீங்கியவரும் இதயம் பலவீனமானவரும் இந்த 5 லிட்டரைக் குடித்தால் நீர் நுரையீரலில் ஏறி மூச்சு முட்டும். மாமாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்கு உண்டு. அத்தை அதை ஒரு பாட்டிலில் அளந்து வைக்கிறார். அதற்குள்தான் தண்ணீர், டீ, ரசம் எல்லாம்.

அவர் பரிந்துரைக்கும் இந்துப்பு பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் மாறினால் சிறுநீரகம் ஏமாறாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு எந்த உப்பானாலும் நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு சிறு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், மோர் மிளகாய் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. தட்டில் தனியாக உப்பு வைக்கும் வழக்கத்தை விடுவதிலிருந்து தொடங்கலாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் அதை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கட்டுரையில் என்னை மிகவும் கோபப்படுத்திய பத்தி வேறு. சிறுநீரக நோய் சோம்பேறிகளுக்கும் நாக்கை அடக்கத் தெரியாதவர்களுக்கும் வரும் தண்டனை என்று எழுதியிருக்கிறார். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்தில் நிற்கிறவர்களை அவர் பார்த்ததில்லையா? ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். 100-க்குச் சுமார் 90 பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 100-க்கு 7 பேருக்குச் சிறுநீரக வடிதிறன் குறைந்திருந்தது. இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி நெல் விவசாயிகளும், ஆந்திரத்தில் சிறீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி மக்களும், நிகரகுவாவில் கரும்பு வெட்டுகிறவர்களும் சர்க்கரையும் அழுத்தமும் இல்லாமலேயே சிறுநீரகத்தை இழக்கிறார்கள். உடம்பு முறிய உழைத்தவர்கள். இவர்களில் யாரைச் சோம்பேறி என்கிறார்? நிகரகுவாவிலும் எல் சால்வடோரிலும் நிழல், ஓய்வு, தண்ணீர் மூன்றையும் வேலையிடத்திலேயே கட்டாயமாக்கிப் பார்த்துவருகிறார்கள். அந்த வாழ்க்கைமுறை மாற்றத்தைச் செய்ய வேண்டியவர் முதலாளி.

தண்ணீர் குடிக்காத பெண்களையும் திட்டியிருக்கிறார். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் ஏன் குடிப்பதில்லை என்று ஒருவரையாவது கேட்டிருக்கலாம். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும், போனால் நேரம் குறிப்பார்கள். அதனால் காலையிலிருந்தே குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து கேட்டு அடிக்கடி வரும் முகங்கள் அவை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று இந்த மாநிலம் 2021-இல்தான் சட்டத்தையே திருத்தியது.

இவ்வளவு எழுதியவர், எழுதியே ஆக வேண்டிய ஒன்றை விட்டுவிட்டார். சிறுநீரகம் கெடுவது வலிக்காது. பாதித் திறன் போகும்வரை கிரியேட்டினின்கூடப் பெரிதாக ஏறாது. உடம்பு லேசாக இருக்கிறது என்று மாமா சொன்ன மாதங்களில்தான் அவருடைய வடிகட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. அந்த நாட்களில் காட்டிக்கொடுத்திருக்கக்கூடியது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை. காலைச் சிறுநீர் கொஞ்சம் போதும். அல்புமின் கிரியேட்டினின் விகிதம் 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். சர்க்கரையோ அழுத்தமோ இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதையும் கிரியேட்டினினையும் பார்க்க வேண்டும். சிறுநீர் நுரைத்து, நுரை அடங்காமல் நின்றால் ஆண்டு முடியக் காத்திருக்கவும் கூடாது. வாந்தி பேதி கடுமையாக இருக்கும் நாளில் இந்த மாத்திரைகளில் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். கருவுற்றவர்கள் லோசார்டன் சாப்பிடக் கூடாது. இவையெல்லாம் மருத்துவரிடம் கேட்டு அறிய வேண்டிய நுணுக்கங்கள். கட்டுரையாளர் கேட்க வேண்டாம் என்று சொன்னது அந்த மருத்துவரைத்தான்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்: அந்தக் கட்டுரையைப் படித்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உடனே தங்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அழுத்தமும் சிறுநீரில் அல்புமினும் சோதிக்க வேண்டும் என்று. கட்டுரையாளருக்கு மறுக்க விருப்பமிருந்தால் மறுக்கட்டும். ஆனால் திருத்தம் முதலில் வரட்டும்.

அந்த அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினேன். மணல் மூட்டைக் கதையையும் சொன்னேன். கடைசியில் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டார், இன்னோர் அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டார். "வீட்டுல அவர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன் தம்பி" என்றார். இன்றைக்கு ஒன்பதாவது நாள். அட்டை இழுப்பறையில் இருக்கிறது.